முதல் தூண்

முப்பத்தொரு வருஷம் ஒரு மனிதர் பொறுத்துக்கொள்வார். முப்பத்திரண்டாவது வருஷமும் பொறு என்றால் எப்படி?

ஸ்டோர்கீப்பர் அன்று காலை பல் துலக்கும்போதே முடிவெடுத்துவிட்டார். திருகாணிக் கம்பெனியின் கிடங்கில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு திருகாணி கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை. அவருடைய நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் பதினேழாம் பக்கம், ஆறாவது வரி: 'பழைய கற்கோயில். சுற்று மண்டபம். தூண்கள் 112.' கல்யாணமான புதிதில் மனைவியோடு போய் எண்ணி எழுதியது.

"நூத்துப் பதிமூணு" என்று அன்று பஸ்ஸில் சொன்னாள் மனைவி. இன்றுவரை இறங்கி வரவில்லை.

அதோடு விட்டாளா? விருந்தாளிக்கு எத்தனை தட்டு என்று அவர் எண்ணிச் சொன்னால், "ஒண்ணு சேர்த்தே வைங்க. இவர் கணக்குல எப்பவும் ஒண்ணு உதைக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். நேற்றும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

"கிளம்பு!" என்றார்.

"எங்க?"

"கற்கோயிலுக்கு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன். உன் கணக்கு சரின்னா நானே சிவப்பு மையில அந்த வரியை அடிச்சுடறேன்."

"இந்த வெயில்லயா? துணி ஊறப் போட்டிருக்கேங்க."

"துணி ஊறட்டும்! என் மானம் முப்பத்தொரு வருஷமா ஊறுது!"

பெருமூச்சு விட்டபடி வந்தாள். பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர், விரிப்பு, துண்டு, விசிறி. ஐந்து சாமான்கள் என்று எண்ணினாரே தவிர, இதையெல்லாம் எப்போது எடுத்து வைத்தாள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வாசல் வரை, வழக்கம்போலத் தலையைக் குனிந்து அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். இருநூற்றுப் பதினாலு. அன்று இருநூற்று இரண்டு. வயசு பன்னிரண்டு அடி கூட்டியிருந்தது.

கூரை போய்விட்ட மண்டபம். நாலு பக்கமும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரித் தூண்கள். எங்கே தொடங்கினோம் என்று அடையாளம் இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால்தான் அன்று புது மனைவியை முதல் தூணருகே நிறுத்தி, "அசையாதே" என்று சொல்லிவிட்டு எண்ணப் போனார். முக்கால் மணி நேரம். எண்ணி முடித்ததும் பஸ்ஸுக்கு ஓட்டம். அவள் பார்த்தது அந்த ஒரு தூணைத்தான்.

"அங்க போய் நில்லு" என்றார்.

"ஏங்க, ஒரு சந்தேகம். கிடங்குல ஒருத்தர் எண்ணினதை அவரே சரிபார்க்கலாமா?"

"கூடவே கூடாது! வேற ஆள்தான் எண்ணணும். எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன்!"

"அப்ப நான்தானே எண்ணணும்?"

சட்டம் அவருடையது.

"அடையாளத்துக்கு நீங்க நில்லுங்க. அசைஞ்சீங்கன்னா மறுபடி முதல்லேருந்து எண்ணணும். குடையைக் கொடுங்க. வெயில்ல நடக்கப்போறது நான்."

குடையும் போனது. மனைவியும் மூலை திரும்பினாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. நிதானமாக எண்ணுகிறாள், நல்லதுதான் என்று நினைத்தார். தூணின் நிழல் மெல்ல நகர்ந்தது. அவர் நகர முடியுமா? வழுக்கை காய்ந்தது. மூன்று ஆடுகள் வந்து அவரை முகர்ந்துவிட்டுப் போயின. ஒரு குடும்பம் அவரை நடுவில் விட்டுப் படம் எடுத்துக்கொண்டது.

"ஐயா, இது எந்தக் காலத்துக் கோயில்?" என்று கேட்டார் குடும்பத் தலைவர்.

"எனக்குத் தெரியாது. நான் முதல் தூண்" என்று சீறினார்.

இரண்டு மணி நாற்பத்தேழு நிமிஷம் கழித்து மனைவி வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. சேலைக் கரை நனைந்திருந்தது.

"நூத்துப் பன்னெண்டுங்க. நீங்க சொன்னதுதான் சரி."

"இன்னொரு தடவை சொல்லு."

"நூத்துப் பன்னெண்டு."

வெயில், ஆடு எல்லாம் மறந்துபோயிற்று. மார்பை நிமிர்த்தி நடந்தார். வாசலில் கால் மரத்துத் தடுமாறி, கைக்கு அகப்பட்ட கல் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

காவல்காரர் எழுந்து வந்தார். "என்னம்மா, குளத்து மீன் காலைக் கடிச்சுதா? அசந்து தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப மனசு வரல. மேலண்டைச் சிற்பமெல்லாம் பார்த்தீங்களா?"

"ஒண்ணு விடாம!"

"தூங்கினாளா?" என்று அலறினார் ஸ்டோர்கீப்பர். "அப்ப தூணை எப்ப எண்ணினா?"

"எதுக்கு எண்ணணும் ஐயா? நீங்க பிடிச்சிட்டிருக்கிற பலகையிலயே எழுதியிருக்கே."

குனிந்து பார்த்தார். முழ உயர எழுத்தில் இருந்தது: சுற்று மண்டபம், தூண்கள் 112.

"இதை எப்ப வெச்சாங்க?"

"நாப்பது வருஷம் இருக்கும்."

பஸ்ஸில் ஏழு மைல் கற்களை எண்ணிக்கொண்டே வந்தார். எட்டாவது மைலில் வெடித்தார். "அப்ப, அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"உள்ள போகும்போதே படிச்சேன். நீங்கதான் தரையைப் பார்த்துட்டே வந்தீங்க."

"தெரிஞ்சும் நூத்துப் பதிமூணுன்னு சாதிச்சியா? முப்பத்தொரு வருஷமா?"

"சாதிக்கலைன்னா என்னைத் திரும்பக் கூட்டிட்டு வந்திருப்பீங்களா?"

அநியாயம்! பகல் கொள்ளை! இனி இவள் எந்த எண்ணைச் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை என்று தீர்மானம் செய்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏங்க," என்றாள் மனைவி, விசிறியால் அவர் வழுக்கைக்கு வீசிக்கொண்டே. "கம்பெனி ஆளுங்களோட மலைக்கோட்டைக்குப் போனீங்களே, எத்தனை படின்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

"எண்ணூத்து நாப்பது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. எங்க அண்ணன் எண்ணூத்து நாப்பத்தொண்ணுன்னான்."

பொய். பச்சைப் பொய். தூண்டில் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு படி அவர் நெஞ்சுக்குள் இடறியது. ஒன்பதாவது மைல் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அங்க போறதுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"ஆறு இருபதுக்கு" என்றாள் மனைவி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.