கடலுக்குச் சாயம் போட்ட கதை

என் வாழ்நாளில் நான் செய்த ஒரேயொரு வியாபாரம் அரை மணித்தியாலம் நடந்தது. அதற்குப் பிறகு நான்கு நாட்கள் என் கால்கள் நீலமாக இருந்தன.

ஐம்பதுகளின் கடைசி. முள்ளியவளையில் இருந்தோம். மழை பொய்த்து வயல் கைவிட்ட அந்த வருடம், எங்கள் அடுப்பு எரிந்தது என் மனைவி புவனத்தின் கைத்தறியால்தான். ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரம் ஒன்றை நெய்ய அவளுக்கு இரண்டு நாள் பிடிக்கும். கடை முதலாளி ஐந்து ரூபாய் கொடுப்பார். நூலுக்கும் சாயத்துக்கும் போக ஒன்றரை ரூபாய் மிஞ்சும். அதே சாரம் முல்லைத்தீவுக் கரையில் எட்டு ரூபாய்க்கு விலைப்படுகிறது என்று அறிந்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது. (நெய்தவளுக்குக் கொதிக்கவில்லை. அவளுக்கு அதற்கு நேரமில்லை.)

"இனிக் கடைக்குக் குடுக்க வேண்டாம். நானே கரைக்குக் கொண்டுபோய் விக்கிறன்" என்றேன்.

"உங்களுக்கு விக்கத் தெரியுமே?"

"கதைக்கத் தெரியும்தானே?"

"ஓம், அது நல்லாத் தெரியும்" என்றாள். (பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.)

அந்தமுறை நூலுக்குச் சாயம் போடும் பொறுப்பையும் நானே ஏற்றேன். ஒரு மணித்தியாலம் அவிக்கச் சொல்லிவிட்டு அவள் தறிக்குப் போய்விட்டாள். சந்தியில் கதைக்க ஆட்கள் காத்திருந்தார்கள். கால் மணித்தியாலத்தில் இறக்கிவிட்டேன். நிறம் அருமையாகத்தான் இருந்தது.

அந்த நூலில் அவள் நெய்த, நீல வெள்ளைக் கட்டம்போட்ட ஆறு சாரங்களையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். அவை விற்றால்தான் அடுத்த நூல். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நடுவே விரித்தேன். நான்கு ஆண்பிள்ளைகளின் தாயான திரேசம்மா ஒன்றைத் தடவிப் பார்த்தா.

"உப்புத் தண்ணிக்குச் சாயம் நிக்குமோ, தம்பி?"

"நிக்கும்" என்று சொல்லி நான் நிறுத்தியிருக்கலாம். பதிலாக, ஒரு சாரத்தை உடுத்துக்கொண்டு இடுப்பளவு கடலில் இறங்கினேன். அங்கே நின்றபடியே கைத்தறியின் பெருமை பற்றிப் பிரசங்கமும் செய்தேன். கரையில் சிரிப்புக் கேட்டது. பேச்சு எடுபடுகிறது என்று நினைத்தேன்.

"தம்பி, கடலுக்கும் சாயம் போடுறீரோ?" என்று திரேசம்மா கூப்பிட்டா.

குனிந்து பார்த்தேன். என்னைச் சுற்றி மட்டும் கடல் கூடுதல் நீலமாக இருந்தது. கரையேறியபோது சாரத்தில் வெள்ளைக் கட்டமே இல்லை. இடுப்புக்குக் கீழே நானும் மனித நிறத்தில் இல்லை. வலைக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து மணலில் குந்திவிட்டார்.

"நெசவு திறம். ஆர் நெய்தது?" என்று கேட்டா திரேசம்மா.

"என்ர மனுசி."

"சாயம்?"

நான் கடலைப் பார்த்தேன்.

"அடுத்தமுறை அவாவை வரச் சொல்லும்" என்று ஒரு கருவாட்டுப் பொதியைக் கையில் தந்தா.

வீட்டில் புவனம் என் கால்களைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் அவிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, தன் பன்னிரண்டு நாள் உழைப்பை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். கடற்கரையில் வராத வெட்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் சாயமும் உப்பும் போட்டு அவளே திரும்ப அவித்தாள். காய்ந்ததும், கட்டம் மறைந்து கடும் நீலமான அந்தச் சாரங்களோடு கரைக்குப் பஸ் ஏறினாள். மாலையில் வெறும் பையோடு வந்தாள். ஆறு சாரமும் ஏழு ரூபாய்ப்படி போயிருந்தன. அதற்குப் பிறகு விற்பனை அவளுடையது. சாயப் பானைக்குப் பக்கத்தில் மணிக்கூட்டோடு குந்தியிருப்பது என்னுடையது.

இன்றைக்கும் நான் ஏதாவது புது யோசனையை விளக்கத் தொடங்கினால், என் மகள் இடைமறிப்பாள்: "பொறுங்கோ அப்பா, முதல்ல காலை ஒருக்காக் காட்டுங்கோ!"