அப்பவே நினைத்தவரின் தேனிலவு

எது நடந்தாலும், நடந்து முடிந்த பிறகு, "நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்கிற ஓர் இனம் இந்த உலகத்தில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, நீங்கள் துணியும் கையுமாகக் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் ஒரு நிழல் விழும். முதலில் ஒரு பெருமூச்சு. அப்புறம் தலையைப் பக்கவாட்டில் இரண்டு ஆட்டு. அதற்கப்புறம் அந்த வாக்கியம். பால் பொங்கும்போது அவர் எங்கே இருந்தார் என்று கேட்கிறீர்களா? அதே வாசலில்தான்.

இவரை எச்சரிக்கை செய்கிறவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எச்சரிக்கிறவர் தொல்லை பிடித்தவர்தான். ஆனாலும் எப்போதாவது ஒரு தடவை உங்கள் காலைக் குழியிலிருந்து காப்பாற்றியிருப்பார். நம்மவர் அந்த வம்புக்கே போகமாட்டார். குழியைப் பார்ப்பார், நீங்கள் அதை நோக்கி நடப்பதைப் பார்ப்பார், விழுந்து எழுந்து முழங்காலைத் தடவும் வரை மரியாதையாகக் காத்திருப்பார், அப்புறம் கைகொடுத்துத் தூக்கி, மண்ணைத் தட்டிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்வார். பரீட்சை முடிவு வந்த பிறகு விடைத்தாள் எழுதுகிறவர். முழு மதிப்பெண் வாங்காமல் இருப்பாரா?

இப்படிப்பட்ட ஒருவர் தேனிலவுக்குப் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மாப்பிள்ளை லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றாலும் ஓடிப்போய், உள்ளே மாட்டியவர்களைப் பத்திரமாக இறக்கி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "போன வாரம் கதவு சத்தம் போட்டப்பவே நெனச்சேன்" என்பார். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் தீர்க்கதரிசி. அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

மணப்பெண் பல் டாக்டர். காலை முதல் மாலை வரை முன்பின் தெரியாதவர்களையெல்லாம் வாயைத் திறக்க வைப்பது அவருடைய பிழைப்பு. மாப்பிள்ளையும் அப்படித் திறந்த வாய்களில் ஒன்றுதான். ஒரு பக்கக் கன்னம் பந்து போல வீங்கி வந்து நாற்காலியில் சாய்ந்தவர், டாக்டர் பல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதும், "இது போயிடும்னு அப்பவே நெனச்சேன்" என்றார்.

"அப்பவே வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம்" என்று அவர் ஒப்புக்கொண்ட விதம் டாக்டருக்குப் பிடித்துப் போயிற்று. பல் போனது. மற்றதெல்லாம் வந்தது. சில மாதம் கழித்து, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டதும் டாக்டர்தான். "அப்பவே நெனச்சேன்" என்பதை ஒரு தடவை கேட்டால் அழகு. தினம் கேட்டால் என்ன ஆகும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் வெளிநாடு கிளம்பினார்கள். முதலில் ஒரு பெரிய நகரம், பிறகு ஒரு கடற்கரை, கடைசியில் ஒரு மலையூர்.

நகரத்தில் இறங்கிய மறுநாள் அரண்மனை பார்க்கப் போக வேண்டும். டாக்டர் வரைபடத்தைப் பார்த்து ஒரு பேருந்தைக் கைகாட்டினார். ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கைகோத்துக்கொண்டு கடைகளையும் பாலங்களையும் புறாக்களையும் ரசித்தார்கள். கடைகள் குறைந்தன. பாலங்கள் முடிந்தன. புறாக்கள் மட்டும் கூடவே வந்தன. கடைசியில் ஒரு பெரிய கொட்டகைக்குள் பேருந்து நுழைந்து மூச்சை விட்டு நிற்க, ஓட்டுநர் திரும்பி, இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது போலப் பார்த்தார். சுற்றிலும் பழுதான பேருந்துகள்.

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "எதிர்ப்பக்கம் ஏறணும்னு அப்பவே நெனச்சேன்."

"எப்போ?"

"ஏறும்போதே."

"அப்புறம் ஏங்க சொல்லலை?"

"நீ ஆசையா ஏறினே. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

இதைக் கேட்டு டாக்டருக்குக் கண் கலங்கியது. தன் ஆசைக்காகப் பணிமனை வரை வந்த மனிதர். எவ்வளவு அன்பு. புதுக்கல்யாணம் ஐயா, அந்தக் கண்ணுக்குப் பணிமனைகூட அரண்மனையாகத் தெரியும்.

கடற்கரையில் கண் கொஞ்சம் தெளிந்தது.

டாக்டர் செருப்பைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். மாப்பிள்ளை குடை நிழலில் சாய்ந்து, ஒன்றையும் தவறவிடாத கண்ணோடு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஆசைதீரக் குளித்துவிட்டு வந்தால் செருப்பு இருந்த இடத்தில் நுரை மட்டும் இருந்தது. தூரத்தில் ஒற்றைச் செருப்பு ஒரு குட்டிப் படகு போல ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அலை பக்கத்துல வருதேன்னு அப்பவே நெனச்சேன்" என்றார் மாப்பிள்ளை.

"செருப்பு போறப்ப நீங்க எங்கே இருந்தீங்க?"

"இங்கேதான்."

"பார்த்தீங்களா?"

"முதல்ல இடது கால் போச்சு. அப்பவே வலதும் போகும்னு நெனச்சேன்."

டாக்டர் திரும்பிச் சாலையை நோக்கி நடந்தார். மாப்பிள்ளை உடனே தன் செருப்பைக் கழற்றி மனைவிக்குக் கொடுத்துவிட்டு, கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி விடுதி வரை வந்தார். உள்ளங்கால் சிவந்து கன்றிப் போயிற்று. கேட்டால், "பரவாயில்லை, சாலை சுடும்னு அப்பவே நெனச்சேன்" என்றார். இதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். ஆள் தங்கம். தங்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்றைக்கு மாலை அவர் காலைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, டாக்டர் வராந்தாவுக்கு வந்து அக்காவைப் போனில் பிடித்தார்.

"எப்படிடி இருக்காரு? நல்லா பார்த்துக்கிறாரா?"

"ரொம்ப நல்லவரு அக்கா. என்ன, எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகுதான் நல்லவர்."

பேருந்தையும் செருப்பையும் விவரமாகச் சொன்னார். மறுமுனையில் அக்கா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சின் நீளத்தைக் கேட்டதுமே டாக்டர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"முதல் தடவை அவரைப் பார்த்தேன் பாரு, அப்பவே நெனச்சேன்டி."

டாக்டர் போனை வைத்துவிட்டார். இந்த இனம் எங்கெங்கே பரவிக் கிடக்கிறது, பார்த்தீர்களா?

மலையூருக்குப் போன முதல் நாள், காலைச் சாப்பாட்டு மேசையில், டாக்டர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஒரு சட்டம் கொண்டுவந்தார். "இனிமே எது நெனச்சாலும் நடக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடணும். நடந்த பிறகு நெனச்சது செல்லாது."

"அவ்வளவுதானே?" என்றார் மாப்பிள்ளை. ஒரு மேதைக்குக் கடைசியில் மேடை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

வாசலுக்கு வந்ததும் வானத்தைப் பார்த்து, மழை வரும் என்றார். இருவரும் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு குடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வெயில் கொளுத்தியது, மழைக்கோட்டுக்குள் இருவரும் இட்லி மாதிரி வெந்தார்கள். மணிக்கூண்டின் மேலே ஏற விடமாட்டார்கள் என்றார். காவலாளி வாங்க வாங்க என்று கதவைத் திறந்துவிட்டார். அந்த நாய் குரைக்கும் என்றார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு இரண்டு தெரு கூடவே வந்தது. பூக்கடை அம்மாள் ஒருவர் பின்னாலேயே வேகவேகமாக வருவதைப் பார்த்து, "ஏதோ தப்புப் பண்ணிட்டோம், திட்டப் போறாங்க, நட" என்றார். இருவரும் நடையை எட்டிப் போட, அந்த அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து, டாக்டர் தவறவிட்ட கழுத்துத் துணியைச் சிரித்தபடி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் மனிதர் வாடிப் போனார். டாக்டருக்கோ விஷயம் பிடிபட்டுவிட்டது. இவர் அப்பவே நினைத்தவர் இல்லை. அப்பவே எதையும் நினைத்ததே இல்லை. நடந்த பிறகு வந்த நினைப்புக்குப் பழைய தேதி போட்டுக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். அதைவிட வேடிக்கை, அது அவருக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தவரைப் பார்க்க டாக்டருக்குப் பாவமாக இருந்தது. சட்டத்தை வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

சாப்பிட்ட பிறகு, மலை உச்சிக்குப் போகிற ரோப் கார் நிலையத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் முகத்தில் திடீரென்று வெளிச்சம் வந்தது. கேபிளைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். கூண்டின் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இதைப் பத்தி மட்டும் சொல்றேன், கேட்டுக்கோ. இது என் தொழில். இது நிக்கவே நிக்காது."

பாதி வழியில் நின்றது.

சும்மா நிற்கவில்லை. ஒரு குலுக்கு குலுக்கி, முன்னும் பின்னும் ஆடி, பள்ளத்தாக்குக்கு நேர் மேலே நின்றது. கூண்டுக்குள் இவர்கள் இரண்டு பேர்தான். கீழே இருந்து மூடுபனி ஏறி வந்து கண்ணாடியை நாலு பக்கமும் மூடிற்று. டாக்டர் முதலில் பயந்து கணவர் கையைப் பிடித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"காத்து அடிச்சா கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பாங்க. பயப்படாதே" என்றார் சின்னக் குரலில். "எனக்கு ஒண்ணுமே தெரியலைல்ல?"

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "ஒண்ணு கேக்கவா? கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டேனே, அப்ப என்ன நெனச்சீங்க? இப்ப நெனைக்கிறதைச் சொல்லாதீங்க. நிஜமாவே அப்ப."

கூண்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்தவர்கள் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்று டாக்டருக்குத் தெரியும். அவசரப்படுத்தவில்லை.

"நடக்காதுன்னு நெனச்சேன்" என்றார் மாப்பிள்ளை.

"என்னது?"

"நீ ஏதோ ஒரு வேகத்துல கேட்டுட்டே. வீட்டுக்குப் போய் யோசிச்சா வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனச்சேன். தினம் போன் அடிக்கிறப்பல்லாம் இன்னிக்கு நீ சொல்லிடுவேன்னு பயந்துதான் எடுப்பேன். நீ சொன்ன உடனே, நான் அப்பவே நெனச்சேன்னு சொல்லிட்டுச் சிரிச்சுடலாம்னு தயாரா வச்சிருந்தேன். அப்படிச் சொல்லிட்டா அவ்வளவா வலிக்காது. நீ சொல்லவே இல்லை. கல்யாணத்தன்னிக்குக்கூட நீ வர்ற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தேன்."

டாக்டர் அவரையே பார்த்தார். பல்லைப் பிடுங்கும்போதுகூட இந்த மனிதர் இவ்வளவு வலியைக் காட்டவில்லை.

"அதை இன்னும் வச்சிருக்கீங்களா?"

"எதை?"

"சொல்றதுக்குத் தயாரா வச்சிருந்தீங்களே, அதை."

மாப்பிள்ளை யோசித்தார். "ஒரு ஓரமா வச்சிருக்கேன்."

"தூக்கிப் போடுங்க. நான் எங்கேயும் போகப் போறதில்லை. போறதா இருந்தா செருப்பு போன அன்னிக்கே போயிருப்பேன்."

இந்த இடத்தில் அவரும் சிரித்தார். அப்போது கூண்டு ஒரு குலுக்கு குலுக்கி, மறுபடியும் மேலே நகரத் தொடங்கியது. மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் பெருமூச்சை இழுத்தார். தலை பக்கவாட்டில் திரும்பியது. "இது நகரும்னு நான்..." என்று ஆரம்பித்து, மனைவி புருவத்தைத் தூக்குவதைப் பார்த்து, கொஞ்சம் தடுமாறி, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தை மாற்றிச் சொன்னார்.

"நகரும்னு நான் நெனைக்கவே இல்லை."

உச்சிக்குப் போனால் அங்கேயும் ஒரே மூடுபனி. பக்கத்து ஆள் தெரியவில்லை. அப்படியும் இருவரும் நெடுநேரம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மனிதர் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு. ஊர் திரும்பி விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தார்கள். மற்றவர்கள் பெட்டியெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தன. இவர்களுடையதைக் காணோம். கூட்டம் கரைந்து, பெட்டிகள் வருகிற பட்டை வெறுமையாகச் சுழன்று, அதுவும் நின்றது. மாப்பிள்ளை உதட்டை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். பாவம், வாக்குக் கொடுத்தவர்.

பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"அந்தப் பெட்டியில பேர்ச்சீட்டு சரியா ஒட்டலை" என்றார் டாக்டர், தலையைப் பக்கவாட்டில் ஆட்டி. "நான் அப்பவே நெனச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆகவே அன்பர்களே, ஜாக்கிரதை. இது ஒட்டிக்கொள்கிற நோய். உங்களுக்கு இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும். ரோப் கார் நிற்கும் என்றும், கடைசியில் அந்த வார்த்தை டாக்டர் வாயிலிருந்துதான் வரும் என்றும் நீங்கள் அப்பவே நினைத்தீர்கள்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்குமே.