தீம் மாறியது, தாத்தா மாறவில்லை

ஆண்டர்சன்பேட்டை,
ஞாயிறு மதியம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த லாய்ட் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் டீனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அம்மைக் கொப்புளங்கள் காய்ந்து வருவதாக அம்மா சொன்னார், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். திரையைப் பார்த்தால் கண் எரிகிறது என்றீர்களாம், அதனால் தாளில் எழுதுகிறேன். நேற்று பியூலா சித்தியின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நான் கூட்டாமல் குறைக்காமல், என் தப்பையும் சேர்த்து, எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன்.

சித்தியும் மேக்ஸ்வெல் சித்தப்பாவும் (இனி அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம்) சின்ன வயதிலிருந்து எடுத்த படங்களை ஸ்லைடாகப் போட்டுக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. போன வருஷம் சைலஸ் தாத்தாவின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு நீங்கள் செய்த ஃபைல் எங்கள் லேப்டாப்பில் இருந்தது. இடது பக்கம் படம், கீழே பெயர், அதற்கும் கீழே இரண்டு தேதிகள், கட்டங்கள் அவ்வளவு நேர்த்தி. கறுப்புப் பின்னணியும் மெழுகுவத்தியும்தான் துக்கம், தீம் ஒன்றை மாற்றினால் கல்யாண ஃபைல் ஆகிவிடும் என்று நினைத்தேன், மாற்றினேன், மெழுகுவத்தி போய் ரோஜாப்பூ வந்தது, முதல் தேதிக்குப் பிறந்த நாளும் இரண்டாம் தேதிக்கு நிச்சயதார்த்த நாளும் அடித்தேன், அப்புறம்தான் தேதிகளுக்குப் பக்கத்தில் ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இருப்பதைக் கண்டேன். அழிக்கப் போனால் சுட்டி அந்த எழுத்தைத் தொடவே இல்லை. அது மட்டுமா, வலது மூலையில் சுரங்கத் தொப்பி போட்ட ஒருவர் மங்கலாக, ஒரு தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். கறுப்புப் பின்னணியில் அவர் தெரிந்ததே இல்லை. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த சைலஸ் தாத்தாவாகத்தான் இருக்கும், நீங்கள்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.

நீலத் தீம் போட்டேன், தாத்தா நீலமானார். பச்சை போட்டேன், பச்சையானார். பக்கத்தில் இருந்த அண்ணன் ஷெர்வின், “ஒவ்வொரு கலருக்கும் டிரஸ் மாத்திக்கினு நிக்கிறாருடி, கல்யாணத்துக்கு ரெடியாவுறாரு போல” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் தொப்பியில் இருந்த விளக்கு மட்டும் எந்தத் தீமிலும் மஞ்சளாகவே இருந்தது.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “கம்பெனி லைன் வீட்டுக்கு நீ இன்னா கலர் சுண்ணாம்பு அடி, ரூம் எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கும்” என்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் சொன்னது சரி. தீம் என்பது சுண்ணாம்பு, கட்டங்களைப் பிடித்து வைத்திருக்கும் லேஅவுட் என்பது சுவர். நான் சுண்ணாம்பை மாற்றிக்கொண்டே இருந்தேன், தாத்தா சுவருக்குள் இருந்தார். சுவரைத் திறக்க எனக்குத் தெரியவில்லை, நேரமும் இல்லை. கடைசியில் அந்த எழுத்தும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே ரோஜா நிறமாக ஆகும் தீம் ஒன்று கிடைத்தது. ‘மறைவு’ மறைந்தது, தாத்தாவும் மறைந்தார். மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் மிச்சம். சித்தி பார்த்துவிட்டு, “நட்சத்திரம் மாதிரி அழகா கீதே, உட்டுடு” என்றாள்.

நேற்று பதினோரு மணிக்குச் சர்ச் ஹால். மாரிகுப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர், மாப்பிள்ளையின் அப்பா மாணிக்கராஜ் அங்கிள் முதல் வரிசையில், அவர் தங்கை ஐடா ஆன்ட்டி மடியில் தட்டோடு. படம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று ஜன்னலைச் சாத்தி விளக்குகளை அணைத்தார்கள். மாமா, லேப்டாப்பில் ஒளிந்ததெல்லாம் அந்த இருட்டில் சுவரளவுக்கு எழுந்து வந்தது. மாப்பிள்ளை படம், கீழே ‘மறைவு’, பக்கத்தில் அன்றைய தேதி.

உடனே ஐடா ஆன்ட்டியின் குரல் கேட்டது: “இன்னாது இது? உயிரோட கீற புள்ளைக்கு இன்னைக்குத் தேதி போட்டுகீறீங்க! அண்ணே, எழுந்திருங்க, இந்த எடம் நமக்கு வேணாம்.” தட்டோடு எழுந்தே விட்டார். சித்தி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என்னால் சித்தியின் கல்யாணம் நின்றது என்று நினைத்தேன், என் விரல்கள் அடுத்த ஸ்லைடுக்குப் போக மறுத்தன.

மாணிக்கராஜ் அங்கிளும் எழுந்தார். ஆனால் வாசலுக்குப் போகாமல் திரைக்கு அருகில் போய், அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தோளைச் சாச்சிக்கினு நிக்கிறதப் பாரு... சைலஸ் அண்ணே. எனக்குக் காய்ச்சல்னு அன்னிக்கு என் ஷிஃப்ட்டுக்குக் கேஜ்ல ஏறிச் சுரங்கத்துக்குள்ள எறங்கினவரு. மேல வரவே இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினார். “பொண்ணோட அப்பா வந்து நிக்கிறாரு, நீ எங்க போற? தட்ட வெய்யி, ஐடா.”

தட்டை வைத்துவிட்டார். மோதிரமும் மாற்றியாயிற்று. அம்மா அழுதார். சாப்பாட்டின்போது ஐடா ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு, “கல்யாணத்துக்கு மட்டும் நீ கம்ப்யூட்டர் பக்கம் போவாத தாயே” என்று ஒரு லட்டு கூடுதலாக வைத்தார்.

ஆகவே மாமா, இனிமேல் சுவரைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாக எங்களுக்குச் செய்து கொடுங்கள். துக்கத்துக்கு ஒரு லேஅவுட், சந்தோஷத்துக்கு ஒரு லேஅவுட், நிறம் எதுவானாலும் பரவாயில்லை. தாத்தாவின் படம் ஒன்று வேண்டுமென்று மாணிக்கராஜ் அங்கிள் கேட்கிறார், நாளைக்குப் பள்ளிக்கூட லேபில் எடுத்துக் கொடுப்பேன். கர்த்தர் உங்களைச் சீக்கிரம் குணமாக்குவாராக. கொப்புளங்களைச் சொறிய வேண்டாம்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
டீனா

பி.கு: திங்கள் சாயங்காலம், லேபிலிருந்து. கோவிந்தன் சார் லேஅவுட்டைத் திறக்கும் இடத்தைக் காட்டினார். ‘தோற்றம்’ இருக்கிறது, ‘மறைவு’ இருக்கிறது, கட்டங்கள் இருக்கின்றன. படம் எதுவும் இல்லை. எந்த ஸ்லைடிலும் இல்லை. நீங்களும் எந்தப் படத்தையும் லேஅவுட்டில் வைக்கவில்லை என்று காலையில் அம்மாவிடம் ஃபோனில் சொன்னீர்களாம். தாத்தா தொப்பியோடு ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை என்று, இப்போது சார் ஃபோனிலிருந்து கேட்டபோதுதான் அம்மா சொன்னார். எனவே மேலே நான் லேஅவுட்டைப் பற்றி விளக்கியதையெல்லாம் அடித்துவிடுங்கள். சார் கம்ப்யூட்டர்களை மூடிவிட்டு வெளியே எனக்காகக் காத்திருக்கிறார். இந்த வரியை எழுதத் தேவையான மஞ்சள் வெளிச்சம் தாளின் மேல் இருக்கிறது என்பதையும், அதற்கு முன்பே லேபின் விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன என்பதையும் உண்மையாகப் பதிவு செய்கிறேன்.