ஏப்ரல் பனியும் ஓர் இரங்கல் அறிவிப்பும்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர் அய்யப்பன் அவர்களுக்கு,

முத்தியால்பேட்டையிலிருந்து விஜயராகவன் எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்கும் நிலையில் இந்த வீடு இல்லை. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று, வியாழக்கிழமை காலை வரை உறுதியான தகவல் இது: இமாச்சலத்தில் கேலாங்குக்கு அப்பால் இருக்கும் பாலம் கட்டும் முகாமிலிருந்து கீழே இறங்கும் சாலை இன்றும் திறக்கவில்லை. நேற்று இரவு அங்கே மறுபடியும் முழங்கால் அளவு பனி விழுந்திருக்கிறது. இதைப் போனில் சொன்னவர் முகாமின் மேற்பார்வையாளர் ராஜ்கமல், கடலூர்க்காரர். ஆகவே என் அண்ணன் கலியபெருமாளின் இறுதி ஊர்வலம் இன்று மாலை புறப்படும் என்று இன்றைய பத்திரிகையில் வந்திருக்கும் அறிவிப்பு தவறு. நேற்று வந்ததும் தவறு. அதற்கு முந்தைய நாள் வந்ததும் தவறு. மூன்றையும் கொடுத்தவன் நான். தங்கள் பத்திரிகையில் நிருபராக இருந்த காலம் முழுவதும் நான் எழுதிய திருத்தங்களைவிட இந்த ஒரு வாரத்தில் எழுதியது அதிகம்.

அண்ணன் திங்கட்கிழமை விடியற்காலையில் இறந்தார். அவருடைய ஒரே மகன் புருஷோத்தமன் அந்த முகாமில் பொறியாளர். அவன் வந்து கொள்ளி வைக்க வேண்டும் என்பதற்காக அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறோம். அவன் புறப்பட இருந்த நேரத்தில் மலைச்சரிவிலிருந்து பனி இறங்கிச் சாலையை மூடிவிட்டது. தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் தேதியின் மேல் தாள் ஒட்டி, அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டி, அந்த இடம் மட்டும் தடித்து நிற்கிறது. மேளக்காரர்கள் இரண்டு முறை வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். இன்று வரவில்லை, போன் செய்து, "சார், இன்னிக்கு உறுதியா, இல்ல பத்திரிகைல போட்டதுதானா?" என்று கேட்டார்கள்.

முதல் நாள் நான் செய்த தவறு, கேலாங்கில் நல்ல வெயில் என்று செல்போனில் பார்த்ததும் நாளைக்குச் சாலை திறந்துவிடும் என்று தங்களுக்கு எழுதிக் கொடுத்தது. வெயில் அடித்தால் பனி உருகும், உருகினால் வழி கிடைக்கும் என்பதில் இந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணியின் அண்ணன் காத்தவராயன், பாகூர் பக்கத்தில் நெல் பயிரிடுகிறவர், "களத்துல நெல்லு காயுறதுக்கே ரெண்டு வெயில் போதும். இது வெறும் தண்ணிதான? இதுக்கு எதுக்கு இஞ்சினியரு?" என்றார். பெண்கள் அம்மன் கோயிலில் கேலாங்குக்கு வெயில் வேண்டும் என்று தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் அங்கே வெயில் கொளுத்தியது. ஆனால் அன்றே சாலையில் பனி இருமடங்காகக் கிடந்தது.

புருஷோத்தமனிடம் போனில் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சித்தப்பா, ஏப்ரல் வெயிலு ஜனவரி வெயில் மாதிரி சாஞ்சிக்கினு அடிக்காது, தலைக்கு மேல நிக்கும். ராத்திரி முழங்காலுக்கு விழுந்தது மத்தியானத்துல அமுங்கி பாதியாவுது."

"அப்ப நல்லதுதானடா?"

"வெயில் படுற எடத்துல நல்லது. ரோடு பள்ளத்துல நெழல்ல கெடக்குது, அதும்மேல வெயிலே விழாது. வெயில் விழுறது ரோட்டுக்கு மேல இருக்குற சரிவுல. அங்க இளகி, மொத்தமா சரிஞ்சி ரோட்டுல வந்து உக்காருது. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால போச்சின்னா கல்லு மாதிரி எறுகிடுது. மிஷின் வெச்சி வெட்டலாம்னு பாத்தா, அதுக்குள்ள அடுத்த நாள் வெயில் ஏறிடுது."

"அப்ப என்னா வேணும்?"

"மேகம் வேணும் சித்தப்பா. குளிரு வேணும். ஆனா புதுசா விழவும் கூடாது."

இதைப் பந்தலில் சொன்னேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டு இராமதாஸ், "நான் ஆல்ப்ஸ்ல பாத்துருக்கேன், இதத்தான் சொல்ல வந்தேன்" என்றார். ஊர் திரும்பியதிலிருந்து பனியைப் பற்றிப் பேச அவருக்கு ஆள் கிடைத்ததில்லை. இப்போது துக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து, பிறகுதான் அண்ணனைப் பார்க்க வருகிறார்கள். பெண்கள் மறுபடி கோயிலுக்குப் போய், முதலில் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு தேங்காய் உடைத்தார்கள். அன்று இரவு அங்கே மேகம் வந்தது. புதுப் பனியும் விழுந்தது.

வெயில் இங்கேயும் சும்மா இல்லை. மாலையில் மேற்கு வெயில் பந்தலுக்கு அடியில் புகுந்து ஐஸ் பெட்டியின் மேல் விழ, மோட்டார் முனகத் தொடங்கியது. நான்கு பேர் சேர்ந்து அண்ணனைப் பெட்டியோடு தூக்கி சுவர் நிழலில் வைத்தோம். நேற்று மின்சாரமும் போனது. பெரிய மார்க்கெட்டில் மீனுக்கு வைத்திருக்கும் ஐஸ் கட்டிக்காக ஓடினேன். மீன் விற்கும் முத்தம்மாள், "எத்தினி கூடை மீனு சார்?" என்றார். "மீனு இல்லம்மா, எங்க அண்ணன்" என்றேன். அவர் இன்னொரு பாளத்தை எடுத்து வைத்தார்.

பெட்டிக் கண்ணாடியில் ஈரம் படிந்து முகம் மறையும்போதெல்லாம் பாக்கியலட்சுமி அண்ணி முந்தானையால் துடைக்கிறார். மகள் சரிதா, "துடைக்காதம்மா, உள்ள குளிராத்தான் இருக்குது" என்கிறாள். "குளிருக்கு இல்லடி, மூஞ்சி தெரியல" என்கிறார் அண்ணி.

நேற்று மாலை புருஷோத்தமன் வேறு ஒன்று சொன்னான். சாலை திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமை விடியும் முன் கிளம்பி, சரிந்து கிடக்கும் பனியின் மேல் நடந்தே தாண்டிவிடுவதாகச் சொன்னான். அந்த நேரத்தில் பனி இறுகிக் கிடக்கும், கால் புதையாது. மேல் சரிவில் வெயில் படுவதற்குள் அந்தப் பக்கம் சேர்ந்துவிட வேண்டும். அங்கே வண்டி நிற்கும். ராஜ்கமல் இன்று காலை என்னிடம் சொன்னது: "புதுசா விழுந்தது பழைய பனி மேல ஒட்டல சார். வெயில் பட்டா அப்படியே வழுக்கிக்கினு வரும். நடக்கக் கூடாது."

இதை அண்ணியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அவன வராதன்னு சொல்லு. கொள்ளி சரிதா வெக்கட்டும்."

காத்தவராயன் எழுந்துவிட்டார். "புள்ள இருக்கும்போது பொண்ணு கொள்ளி வெச்சா ஊரு என்னாம்மா சொல்லும்?"

"சொல்லிட்டுப் போவட்டும். இவுரு ஐஸ்ல கெடக்கறாரு, இனிமே இவுருக்கு ஒண்ணும் ஆவாது. அவன் ஐஸ்ல நடந்தா எனக்கு ரெண்டாயிடும்ணா."

காத்தவராயன் உட்கார்ந்துவிட்டார். நான் ராஜ்கமலைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னேன். புருஷோத்தமனிடம் நேரில் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

ஆகவே நாளைய பத்திரிகையில் கீழ்க்கண்டவாறு வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்: கலியபெருமாளின் இறுதி ஊர்வலம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முத்தியால்பேட்டை இல்லத்திலிருந்து புறப்படும். மகள் சரிதா இறுதிச் சடங்குகளைச் செய்வார். இதற்கு முன் வந்த அறிவிப்புகளால் அலைய நேர்ந்தவர்களிடம் குடும்பத்தார் மன்னிப்புக் கோருகிறார்கள். இது மாறாது என்று நான் எழுதித் தருகிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், நீண்ட ஆயுளோடு, அப்பா அம்மாவுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
விஜயராகவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய அறிவிப்பை வெளியிட வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது ராஜ்கமல் மறுபடி கூப்பிட்டார். செய்தி சொல்லப் போனபோது புருஷோத்தமனின் படுக்கை காலியாக இருந்ததாம். "நாளைக்குன்னா இன்னும் விழும்" என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, இன்று விடியும் முன்பே நடக்கத் தொடங்கிவிட்டான். சரிவின் நடுவில் போன் எடுக்காது. அங்கே வானம் தெளிந்து, மேல் சரிவில் வெயில் விழத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. மறுபக்கம் நிற்கும் வண்டிக்காரர், அவன் வந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மதியம் ஒரு மணிக்குள் தெரிந்துவிடும் என்கிறார்கள். அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைய பக்கத்தில் இடத்தை மட்டும் பிடித்து வையுங்கள். எவ்வளவு இடம் என்று ஒரு மணிக்குப் பிறகு சொல்கிறேன்.