வாரேன் என்றால் வருவதா, போவதா?

என்னை வாயடைக்க வைத்த ஆள் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருத்தர்தான். மந்திரிகளோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், அசரவில்லை. பேங்க் மேனேஜர்கள் என் ஷெட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்ட வந்தவன், இன்றைக்குக் கணபதி ஏரியாவில் இரண்டு ஷெட் போட்டு பம்ப் மோட்டார் செய்கிறேன் என்றால் சும்மாவா? அப்பேர்ப்பட்ட என்னை வாய் பிளக்க வைத்தவர், என் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிய ஓர் அம்மா. தலைப்பக்கா.

சொந்தப் பெயர் எனக்கே சட்டென்று ஞாபகம் வராது. சேலைத் தலைப்பை எந்நேரமும் இடுப்பில் செருகியிருப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். அந்தத் தலைப்பு இல்லை. இது சாயங்காலம் ஆறரை மணி சீரியலின் தலைப்பு.

அந்த சீரியலில் ஒவ்வொரு நாள் பகுதிக்கும் ஒரே ஒரு வார்த்தையில் பெயர் வைப்பார்கள். மத்தியானமே அது செல்போனில் வந்துவிடும். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, தலைப்பக்கா அர்த்தம் சொல்லும்வரை என் பட்டறையில் ஒருத்தியும் சோற்றில் கை வைக்க மாட்டாள்.

ஒரு நாள் வந்த தலைப்பு, 'உப்பு'.

"மாமியாக்காரி கொழம்புல வெசம் வெக்கறாளாட்ட இருக்குதுக்கா," என்றாள் சரசு. அவள் தலைப்பக்காவுக்குப் பக்கத்து ஸ்டூல். வாய் கொஞ்சம் நீளம்.

"வெசம் வெக்கறதுக்கு உப்புன்னு எதுக்குக் கண்ணு பேரு வெக்கறாங்க? மருமக கொழம்புல உப்புப் போட மறந்துபோட்டா. மாமனாரு எலைல உக்காந்துட்டாரு. மொத வாய் வெச்சதும் மூஞ்சி மாறுது. மருமக நடுங்கறா. அப்ப மாமியா சொல்றா, 'இன்னைக்கு நாந்தானுங்க கொழம்பு வெச்சேன், மறந்துபோட்டேன்'னு. அன்னையோட ரெண்டு பேருக்கும் சண்டை தீந்துது."

வேலை நேரத்தில் என்ன பேச்சு என்று திட்ட வந்த நான் பின்னால் நின்று முழுசும் கேட்டுவிட்டேன். என் கண்ணில் ஏதோ தூசி விழுந்துவிட்டது. திட்டாமல் திரும்பிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சீரியலில் என்ன நடந்தது தெரியுமா? டாக்டர் வந்து மாமனாருக்குப் பிரஷர் பார்த்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். போய்விட்டார். அவ்வளவுதான் உப்பு!

மறுநாள் சரசு விடுவாளா? "என்னக்கா, நீங்க சொன்னது பொய்யாப் போச்சு?"

தலைப்பக்கா காயிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தலைப்பு சரியாத்தான் கண்ணு வெச்சிருக்கறாங்க. கதையைத்தான் மாத்திப்போட்டாங்க."

இதுதான் அதிசயம். அந்தம்மா சொன்னது ஒரு நாள்கூடப் பலித்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்கூட எப்போதாவது ஒன்று பொருந்துமே, அதுவும் இல்லை. ஆனாலும் டி.வி.யில் வந்தது மறந்துபோகும், அவர் சொன்னது மனசிலேயே நிற்கும். என் வீட்டுக்காரி சீரியல் பார்த்து முடித்த கையோடு, "இது கெடக்குது, தலைப்பக்கா என்னங்க சொன்னாங்க?" என்று என்னைக் கேட்பாள். கம்பெனி நடத்துகிற ஆள் நான், வீட்டுக்குப் போய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரசு அதையெல்லாம் போனில் பிடித்து ஊர்பூராவும் அனுப்பிவிட்டாள். மதுக்கரையில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர் ஒருத்தர், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக் கேட்பாராம். சென்னிமலையிலிருந்து ஒரு நெசவுக் குடும்பமே வேன் பிடித்து வந்தது. தலைப்பக்காவுக்கு ஒரு போர்வையைப் போர்த்தி, "அந்த 'ஜன்னல்' எபிசோடுக்கு இன்னொருக்கா அர்த்தம் சொல்லுங்கம்மணி," என்று சுற்றி உட்கார்ந்துகொண்டது. பட்டறை என்னுடையது. எனக்கு ஒரு துண்டு போர்த்துவாரில்லை.

இப்படி இருக்கையில் ஓசூரிலிருந்து தலைப்பக்காவின் மகள் கூப்பிட்டாள். குழந்தை பிறந்திருந்தது. இங்கே தனியாக இருந்தது போதும், இனி எங்களோடே இருந்துவிடு என்றாள். போக வேண்டாமென்று தடுத்தேன். அவர் ஸ்டூலுக்கு நேர்மேலே தனியாக ஃபேன் மாட்டித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் இழுக்குதுங்க மொதலாளி," என்றார். "வெள்ளிக்கெழமையோட சீரியலு முடியுது. கடைசித் தலைப்பு என்ன சொல்லுதோ, அப்படியே செஞ்சுபோடறேன்."

கடைசித் தலைப்பு வந்தது: 'வாரேன்'.

முந்தின நாள் கதையில், கதாநாயகியின் அம்மா பெட்டியும் கையுமாகத் தன் வீட்டு வாசற்படியில் நின்றாள். முகத்தை மட்டும் காட்டி முடித்துவிட்டார்கள். உள்ளே வருகிறாளா, வீட்டை விட்டே போகிறாளா, யாருக்கும் தெரியவில்லை.

நான் விடவில்லை. நேராகப் பெண்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். "இதுல என்ன இருக்குது? வாரேன்னா வர்றதுதான். அந்தம்மா உள்ள வருது. நீங்களும் இங்கயே இருக்கறீங்க. முடிஞ்சுது!"

"ஏனுங்க மொதலாளி," என்றாள் சரசு. "சாயங்காலம் காரெடுக்கறப்ப எங்ககிட்ட என்னன்னு சொல்லீட்டுப் போவீங்க?"

"வாரேன்னு..."

ஷெட்டே சிரித்தது.

"அது சரி, போன்ல கூப்புட்டா 'இதா வாரேன்'ங்கறோமே, அது வர்றதுதானே?" என்று மடக்கினேன்.

தலைப்பக்கா கையிலிருந்த சோற்று உருண்டையைத் தூக்கிலேயே வைத்தார். "போன்ல சொல்றவங்களும் தூரத்துலதானுங்க நிக்கறாங்க? வந்து சேந்தவங்க எதுக்குங்க வாரேன்னு சொல்லோணும், அதான் வந்தாச்சே. பக்கத்துல இருக்கறவங்க வாயில அந்த வார்த்தை வராதுங்க. போறவங்கதான் சொல்லுவாங்க."

பல் முளைத்த நாளிலிருந்து நான் சொல்லும் வார்த்தை. அதற்குள் இவ்வளவு தூரம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடவே, இந்தம்மா போய்விடுவாரே என்ற பயமும் வந்தது.

ஆனால் வியாபாரி மூளை எனக்கு. இந்தம்மா சொல்லி எது பலித்தது? வீட்டு டி.வி.யைக் கழற்றிக் கொண்டுவந்து ஷெட்டிலேயே மாட்டினேன். ஆறரை மணி. திரையில் அந்த அம்மா படியேறினாள். "வாரேன்" என்று அடுப்படிப் பக்கம் ஒரு குரல் கொடுத்தாள். உள்ளே போய்ப் பெட்டியை இறக்கி வைத்தாள்.

துள்ளி எழுந்தேன். "பாத்தீங்களா! உள்ள வந்துட்டா! அர்த்தம் வர்றதுதான்!"

தலைப்பக்கா மெதுவாக எழுந்து, இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலைப்பு சரியாத்தானுங்க வெச்சிருக்கறாங்க," என்று ஆரம்பித்தார். மீதியை ஷெட்டே சேர்ந்து சொன்னது. "கதையைத்தான் மாத்திப்போட்டாங்க!"

நான் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மருமகன் கார் கொண்டுவந்தார். தலைப்பக்கா கையில் பை, தோளில் அந்தச் சென்னிமலைப் போர்வை. கேட்டருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மொதலாளி, வாரேனுங்க."

மைக் பிடித்தால் இறங்காத ஆள் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வார்த்தைக்கு அவர் சொன்ன அர்த்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன அர்த்தம் எதுவும் இதுவரை பலித்ததில்லையே. அந்தத் தைரியத்தில்தான் அவர் ஸ்டூலுக்கு மேலே ஃபேன் மாட்டி, யாரையும் உட்கார விடாமல் வைத்திருக்கிறேன்.