பூட்டுக்கடைக்காரர் எடுத்த பாடம்

உயிரே போனாலும் முன்னறையை மச்சினனுக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று பூட்டுக்கடைக்காரர் சபதம் எடுத்துக்கொண்டார்.

அந்த அறைதான் அவருடைய ராஜ்ஜியம். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மின்விசிறி, கதவில் அவர் கையாலேயே செய்த பித்தளைப் பூட்டு. அதற்கு ஒரே சாவிதான். மாற்றுச் சாவி வைப்பது பூட்டுக்கு அவமானம் என்பது அவர் கொள்கை. சாப்பிட்டதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் பிறகு குறட்டை மட்டுமே வெளியே வரும்.

இப்போது மனைவியின் தம்பி பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வருகிறான். கூடவே அவன் மனைவி, இரட்டைக் குழந்தைகள். வீடு கிடைக்கும்வரை அந்த அறை வேண்டுமாம். நேராக மறுக்கும் துணிச்சல் அவருக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாளோடு போய்விட்டது. சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

"சபையில ஞாயிறு பள்ளிக்கு வாத்தியார் கிடைக்கலைன்னியே, நான் எடுக்கிறேன்."

ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பே மனைவிதான். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"பிரசங்கத்துல தூங்குறவரா பாடம் எடுக்கப் போறீங்க?"

"அது தூக்கம் இல்ல, தியானம்."

"தியானத்துக்குக் குறட்டை எதுக்குங்க?"

"பேச்சை மாத்தாத. பாடம் தயார் பண்ண அமைதியா ஒரு இடம் வேணும். முன்னறையை இனி யாருக்கும் குடுக்க முடியாது. ஊழியம்னு வந்துட்டா சொந்தபந்தம் பாக்கக் கூடாது."

"சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே சொல்லில் எதற்கும் சம்மதித்ததில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் விட்டுவிட்டார்.

"பாடம் என்ன?" என்றார்.

"ஊர் விட்டு ஊர் வந்தவங்க கதை. வேதத்துல உள்ளதும் சொல்லணும், நம்ம ஊர் வரலாறும் சொல்லணும். கடைசி வாரம் சபை முன்னால பிள்ளைங்க நாடகம் போடுவாங்க."

பாடத்தை அவர் நன்றாகவே எடுத்தார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய ஆபிரகாம், மாமியாரோடு அந்நிய ஊருக்குப் போன ரூத், கைக்குழந்தை இயேசுவோடு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய குடும்பம். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். உற்சாகத்தில் தன் கொள்ளுத்தாத்தாவையும் இழுத்துவிட்டார்.

"அவரும் கப்பல்ல வந்தவர்தான். கையில ஒரு தகரப்பெட்டி. பாஷை தெரியாது. முன்பின் தெரியாத ஒரு தையல்காரர் கடை மேசைக்குக் கீழ படுக்க இடம் குடுத்தார். அவர் மட்டும் கதவைச் சாத்தியிருந்தா நான் இன்னிக்கு இல்ல."

"அப்ப அந்தத் தையல்காரர் எங்க படுத்தார், அங்கிள்?" என்றாள் ஒரு சிறுமி.

அதை அவர் யோசித்ததில்லை. மணி அடித்துக் காப்பாற்றியது.

நாடகத்துக்கு ஒரு கதவு தேவைப்பட்டது. பழைய பலகையில் அவரே கதவு செய்தார்.

"பூட்டுக்குக் கடைச் சரக்குல கை வைக்காதீங்க," என்றாள் மனைவி. "முன்னறைப் பூட்டைக் கழட்டி மாட்டுங்க. நாடகம் முடிஞ்சதும் திரும்ப மாட்டிக்கலாம்."

மனைவிக்கு இவ்வளவு சிக்கனமா என்று பூரித்துப்போனார்.

நாடகத்தில் வாயிற்காவலர் வேஷம் அவருக்கு. ஆபிரகாம் தட்டினார், திறந்தார். ரூத் தட்டினாள், திறந்தார். கடைசியாகக் கொள்ளுத்தாத்தா வேஷத்தில் அவர் மகள் தகரப்பெட்டியோடு வர வேண்டும்.

தட்டும் சத்தம். திறந்தார்.

மகள் வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு நிஜப் பெட்டிகள், ஒரு மச்சினன், அவன் மனைவி, தூக்கக் கலக்கத்தில் அழும் இரட்டைக் குழந்தைகள்.

"நீ அடுத்த வாரம்தானே..." என்று முனகினார்.

"அக்காதான் டிக்கெட்டை மாத்தச் சொன்னாங்க, அத்தான்."

சபை முழுக்க எட்டிப் பார்த்தது. போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மகள் காதோடு சொன்னாள்: "அப்பா, வசனம்! வசனத்தைச் சொல்லுங்க!"

மனைவி எழுதிக்கொடுத்த வசனம் அது. தொண்டையைச் செருமினார்.

"அந்நியரே, இனி இது உங்கள் வீடு. இதோ சாவி."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மச்சினன் சாவியைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சபையே சாட்சி. திரும்பக் கேட்க எந்த வாயால் முடியும்?

அன்று மாலை முன்னறைக் கதவில் பூட்டைத் திரும்ப மாட்டினார். உள்ளே இரட்டையர் சாய்வு நாற்காலியில் குதிரை ஓட்டினார்கள்.

"பாடம் தயார் பண்ண எனக்கு ஒரு இடம் வேணாமா?" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"வேணாமா பின்ன?" மனைவி பழைய போர்வையையும் நாலு கயிற்றையும் அவர் கையில் கொடுத்தாள். "வராந்தாவுல கட்டிக்கோங்க. அடுத்த மாசப் பாடம், வனாந்தரத்துல ஜனங்க நாப்பது வருஷம் கூடாரத்துல இருந்தது."