பாதி வண்டிக்கு மட்டும் புது ஸ்பிரிங்

அன்புள்ள தம்பிக்கு,

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே சௌக்கியமா என்று கேட்க அவசியமில்லை. கூடத்தின் நடுவே நீ எழுப்பியது ஒற்றைச் செங்கல் சுவர் என்பதால் உன் தும்மல், உன் கொட்டாவி, உன் மனைவியிடம் என்னைப் பற்றி நீ உதிர்க்கும் நல்ல வார்த்தைகள் எல்லாம் சேதாரமில்லாமல் வந்து சேர்கின்றன. இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதற்காகக் கேட்டுவைக்கிறேன். பேச்சு நின்றுபோன பிறகு கடிதம் எழுதினால் அது பேச்சில் சேருமா என்று உன் அண்ணியிடம் கேட்டேன். "எழுதித் தொலைங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போயே என் காலு தேஞ்சுபோச்சு" என்றாள்.

விஷயம் நம் வண்டியைப் பற்றியது. வீட்டைப் பிரித்தோம். தேன்பெட்டிகளைப் பிரித்தோம், வெள்ளை அடித்தது உனக்கு, நீலம் அடித்தது எனக்கு. தேனீக்களுக்கு மட்டும் இன்னும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் பெட்டிகளை மேட்டுக்கு ஏற்றிப் போகும் அந்தக் குட்டி வண்டியை என்ன செய்வது? ஜீப்பில் பாதி உயரம், தலைக்கு மேல் நாலு கம்பி, முன்னால் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார ஒரே இருக்கை, பின்னால் பெட்டி வைக்க ஒரு தட்டு. இதில் எதை வெட்டி யாருக்குக் கொடுப்பது? ஓட்டுகிற பக்கம் எனக்கு, சும்மா உட்காருகிற பக்கம் உனக்கு என்று முடிவானது. அதற்கும் நீ மூக்கால் அழுதாய். "ஸ்டியரிங் அவர் பக்கம் போயிடுச்சுல்ல, அப்ப சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்று எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டாய். சாவி இல்லாமல் எனக்கு நகர வழியில்லை. ஓட்டத் தெரியாததால் நான் இல்லாமல் உனக்கும் நகர வழியில்லை. ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர், தினமும் காலையில் ஒரே இருக்கையில் ஒட்டி உட்கார்ந்து மேடேறிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பாதையோ பாதை இல்லை, பள்ளங்களின் வரிசை. வண்டியின் ஷாக் அப்சர்பர்கள் எப்போதோ உயிரை விட்டுவிட்டன. மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால் அடைகள் உடைந்து தேன் வழிகிறது. அந்தக் கோபத்தைத் தேனீக்கள் என் மூக்கில்தான் காட்டுகின்றன. மெக்கானிக்கைக் கேட்டேன். "நாலு சக்கரத்துக்கும் நல்ல ஸ்பிரிங்கோட புது ஷாக் போட்டுடுங்க சார். மெத்தையில போற மாதிரி இருக்கும்" என்றான். உன் அண்ணியை அனுப்பி உன் சம்மதம் கேட்டேன். "என் பக்கம் நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது. நன்றாக இருந்ததா? அப்படியானால் ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பியில் 'டங்' என்று இடித்தது யாருடைய தலை? ஆனால் நானும் உன் அண்ணன்தானே, எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? "என் பாதிக்கு மட்டும் மாத்துப்பா. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு" என்றேன். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். "சார், வண்டி ஒரு பக்கமா சாயும்." "சாயட்டும். அது அவன் பக்கம்."

சாய்ந்தது. என் பக்கம் கம்பீரமாக எழும்பி நின்றது, உன் பக்கம் அப்படியே படுத்துக்கொண்டது. விளைவை நான் யோசிக்கவில்லை. முதல் பள்ளத்திலேயே இருக்கையில் வழுக்கிக்கொண்டு வந்து, பேச்சுவார்த்தை இல்லாத தம்பியின் தோளில் தலை சாய்த்துவிட்டேன். எதிரே விறகு சுமந்து வந்த பெண்கள் "அண்ணன் தம்பின்னா இப்படில்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ முழங்கையால் என்னை நெட்டித் தள்ளினாய். மறுநாள் வந்து பார்த்தால் உன் பக்கத்து ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் கட்டைகளை அடித்துச் செருகி வைத்திருக்கிறாய்! உன் பக்கம் உயர்ந்துவிட்டது. இப்போது நீ வழுக்கி என் மடிக்கு வந்தாய். நான் விடுவேனா, என் ஸ்பிரிங்கைத் திருகி இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். நீ இன்னொரு கட்டை செருகினாய். நான் திருக, நீ செருக, முக்காலி போட்டு ஏறுகிற உயரத்துக்கு வண்டி வந்துவிட்டது.

கடைசியில், முந்தாநாள், ஓடைத் திருப்பத்தில் வண்டி நிதானமாக யோசித்து என் பக்கமாகப் படுத்தது. பெட்டிகள் உருண்டன. வெள்ளைப் பெட்டித் தேனீக்கள் என்னைக் கொட்டின, நீலப்பெட்டித் தேனீக்கள் உன்னைக் கொட்டின. நீ என்னை அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "டிரைவர் பக்கம் அடி பலமான்னு வந்து பாருங்க" என்றாய். தம்பி, நான் உனக்கு டிரைவர் பக்கமா?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், போகிற போக்கில், "சின்னவர் பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சாமே சார், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம்" என்றான். எனக்குக் கையில் இருந்த ஸ்பேனர் நழுவிவிட்டது. "ஆமாம்ப்பா, எல்லாம் நான் பேசி முடிச்சதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். நான் தூக்கி வளர்த்த பெண். அவளுக்குக் கல்யாணம் என்பது கிரீஸ் கையோடு ஒருவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? இத்தனை மெல்லிய சுவரில் இந்த ஒரு செய்தி மட்டும் கேட்காதபடி எவ்வளவு அடங்கிப் பேசியிருப்பீர்கள்! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். மரக்கடைக்காரர் வண்டியை முழுதாக எடுத்துக்கொள்ளத் தயார். நாளை சாயங்காலம் வருகிறார். சாவியை அவரிடம் கொடுத்துவிடு. அதன் பிறகு நமக்குள் பொதுவாக எதுவும் இல்லை, அந்தச் சுவரைத் தவிர. கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய சிரமமும் உனக்கு வேண்டாம். அழைத்தாலும் எனக்கு அன்றைக்கு வேலை இருக்கும், என்றைக்கு என்று தெரியாவிட்டாலும்.

குழந்தைக்கு என் முழு மனதோடு ஆசிகள். அவளை மட்டும் பாகம் பிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உன் மனைவிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
எத்தனை கட்டை செருகினாலும் உனக்கு மூத்தவனான
அண்ணன்

பின்குறிப்பு: இதைக் கொடுத்தனுப்ப உன் மகளைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "யார் சொன்னா பெரியப்பா? அப்பா ஒரு வாரமா தினமும் உங்ககிட்ட சொல்லணும்னுதான் வண்டியில ஏறுறாரு. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்துட்டுதான் கிளம்புறாரு. வாயைத் திறந்தா அவர் பக்கம் தூக்கிப் போடுதாம், நாக்கைக் கடிச்சுக்கிட்டு வந்துடறாரு. நாக்கெல்லாம் புண்ணு, சாப்பிடக்கூட முடியல. அவர் வாயால உங்க காதுக்கு வராம வேற யாரும் பேசக்கூடாதுன்னு வீட்டுல எல்லார் வாயையும் கட்டி வெச்சிருக்காரு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மரக்கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் உன் பக்கத்துக்கும் புது ஷாக் மாட்டிக்கொண்டிருக்கிறான். ரப்பர் கட்டைகளைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டேன். காலையில் சாவியோடு வா. மெதுவாகவே ஓட்டுகிறேன். நீ இந்தக் கடிதத்தைப் படிக்காதவன் மாதிரி விஷயத்தைச் சொல்லு, நான் கேள்விப்படாதவன் மாதிரி கேட்டுக்கொள்கிறேன்.